செவலைக்கு ஐந்து கிண்ணம்

முதலில் உடம்பு மாறியது நாய்க்குத்தான்.

2019ஆம் வருஷம், சாரல் முடிந்த சமயம். எங்கள் செவலைக்கு அப்போது ஆறு வயது. நாட்டு நாய். ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக, கேரள எல்லை ஓரத்தில் இருக்கும் எங்கள் புளியரை வயல் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தவன், நாலு மாதத்தில் ஊதிப்போனான். இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. விலாவைத் தடவினால் எலும்பு தட்டுப்படவில்லை. ஏதோ நோய் என்று பயந்து கால்நடை மருந்தகத்துக்கு ஆட்டோவில் கொண்டு போனேன். டாக்டர் அவனை மேசையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "வீட்டில் யாரும்மா சோறு வைக்கிறது?" என்று கேட்டார். அத்தை என்றேன். எத்தனை தடவை என்றார். இரண்டு தடவை என்றேன். "நல்லாப் பாருங்க. இது ரெண்டு தடவை சாப்பிடற உடம்பு இல்லை."

நான் வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். மறுநாள் மிஷினைத் திண்ணைப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு கவனித்தேன். காலை ஏழு மணிக்கு அத்தை சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து, சூடு போயிற்றா என்று புறங்கையால் பார்த்து, கரண்டியால் கிண்ணத்தின் விளிம்பில் டக் டக் என்று இரண்டு தட்டு தட்டினார். செவலை வந்து தின்றான். எட்டரைக்கு மறுபடி அதே பிசைதல், அதே இரண்டு தட்டு. பதினொரு மணிக்கு மறுபடி. சாயங்காலத்துக்குள் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் அத்தை முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "பாவம், காலையிலிருந்து பட்டினி கிடக்கான்" என்று அவனிடமே சொல்லித்தான் வைத்தார்.

அதற்கும் முன்னால் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சில மாதமாகவே அத்தை தெருவில் போய், "என் மருமக நாய்க்குச் சோறு போடாமக் கொல்றா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று பேர் என்னிடமே வந்து கேட்டார்கள். நான் மனம் வெந்து போயிருந்தேன். அத்தையிடம் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்கு ஆறாவது கிண்ணத்தைப் பார்த்தபோதுதான் அது வம்பு இல்லை என்று புரிந்தது. அவர் கணக்கில் அந்த நாய் உண்மையாகவே பட்டினி கிடந்தது. அதைச் சொல்லத்தான் ஊரெல்லாம் போயிருக்கிறார்.

வீட்டில் வயதானவர்கள் இருந்து, நாயோ பூனையோ ஆடோ அவர்கள் பொறுப்பில் இருந்தால், அந்தப் பிராணியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். திடீரென்று பெருக்கிறதா, இளைக்கிறதா, தண்ணீர்ப் பாத்திரம் காய்ந்து கிடக்கிறதா, கட்டின இடத்திலேயே நாள் முழுக்க நிற்கிறதா என்று பாருங்கள். மனிதர்கள் மறதியை மறைத்துக்கொள்வார்கள். "வயசாச்சுல்ல" என்று நாமும் சேர்ந்து மறைப்போம். நாயின் வயிறு எதையும் மறைக்காது.

அப்புறம் தென்காசியில் ஒரு டாக்டரிடமும், அங்கிருந்து எழுதிக் கொடுத்துத் திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பியல் டாக்டரிடமும் போனோம். தைராய்டு, பி12 சத்து எல்லாம் முதலில் சோதித்தார்கள். அதில் குறை இருந்தாலும் மறதி வருமாம், சரி செய்யவும் முடியுமாம். அத்தைக்கு அவை சரியாகவே இருந்தன. தலையில் ஸ்கேன், கடிகாரம் வரையச் சொல்வது, மூன்று வார்த்தை சொல்லிக் கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்பது எல்லாம் முடிந்து, அல்சைமர் என்றார்கள். மாத்திரை நோயைக் குணப்படுத்தாது, கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும் என்று தெளிவாகவே சொன்னார்கள். நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக ஒரு பெரிய ஆய்வின் கணக்கு சொல்கிறது. எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீடு தெரியும். அந்த வீடுகளில் அதற்கு நோய் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் முதலில் செய்தது, அத்தையிடமிருந்து நாய்க் கிண்ணத்தை வாங்கி மேலே வைத்ததுதான். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அந்த வாரம் முழுக்க அத்தைக்குத் தூக்கம் இல்லை. அடுக்களையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தார். எங்கள் தட்டுச் சோற்றை முந்தானையில் கட்டிக்கொண்டு போய் நாய்க்குப் போட்டார். நாற்பது வருஷம் ஒரு ஜீவனுக்குச் சோறு வைத்த கையை வெறுமனே விட்டால் அது என்ன செய்யும்?

பிறகுதான் ஐந்து கிண்ணம் யோசனை வந்தது. செவலைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு என்று கால்நடை டாக்டரிடம் கேட்டு, அதைக் காலையிலேயே ஐந்து சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் பிரித்து வைத்துவிடுவேன். அத்தைக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது ஒரு கிண்ணத்தை எடுத்துக் கொடுப்பேன். அவர் பிசைவார், சூடு பார்ப்பார், டக் டக் என்று தட்டுவார். ஐந்தும் தீர்ந்த பிறகும் கேட்டால், வெள்ளரிக்காயோ வேகவைத்த பூசணியோ கொஞ்சம் கொடுப்பேன். மூன்று மாதத்தில் செவலையின் விலா எலும்பு மறுபடி கைக்குத் தட்டுப்பட்டது. மறதி நோய் உள்ளவர் ஒரு வேலையைத் தப்பாகச் செய்கிறார் என்றால், வேலையைப் பிடுங்குவதற்கு முன்னால் அதை எப்படிச் சின்னதாக்கலாம் என்று பாருங்கள் என்பேன். எங்கள் வீட்டில் நடந்த நல்ல காரியங்களில் பாதி அப்படி வந்ததுதான்.

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பிறந்தது 1945இல், செங்கோட்டையில். அப்போது அது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தபோது அத்தை பள்ளிக்கூடத்துப் பெண். கல்யாணமாகி மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் தென்மலைக்குப் போனார். மாமா ரயில்வேயில் கீமேன், தினமும் தண்டவாளத்தோடு நடந்து பார்த்து வரும் வேலை. குவார்ட்டர்ஸில் இருபது வருஷம். அங்கே கைசர் என்று ஒரு நாய் இருந்ததாம். மாமாவோடு தண்டவாளத்தில் கூடவே நடக்குமாம்.

நோய் கூடக் கூட அத்தையின் பேச்சில் மலையாளம் ஏறியது. எங்களுக்குத் தமிழில் பதில் சொல்லத் திணறுவார், செவலையிடம் "வாடா மோனே, இவிடெ இரி" என்று சரளமாகப் பேசுவார். அவனைக் கைசர் என்றே கூப்பிட ஆரம்பித்தார். "கைசர் இல்லம்மா, செவலை" என்று என் கணவர் ஒவ்வொரு தடவையும் திருத்துவார். அத்தை முகம் சுருங்கிவிடும். செவலை திருத்தவில்லை. ஒரு மாதத்தில் அந்தப் பெயருக்கும் வாலை ஆட்டினான், 'இரி' என்றால் உட்கார்ந்தான். நாய் வார்த்தையை விடக் குரலையும் கையையும் பார்க்கிறது. நாங்கள் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் அத்தைக்குப் பரீட்சை வைப்பார்கள். அவர் தோற்று, தலை குனிந்து முந்தானை நுனியைத் திருகுவார். அந்த வீட்டில் அவரிடம் கேள்வி கேட்காத உயிர் செவலை ஒன்றுதான். சாயங்காலமானால் எங்களை விட்டு அவன் பக்கம் போய் உட்கார்ந்ததில் என்ன ஆச்சரியம்? நாங்கள் அவனைப் பார்த்துத்தான் கேள்வியை நிறுத்தினோம். அத்தை மாமா உயிரோடு இருப்பதாகப் பேசினால், "மாமா 2014லயே போயிட்டாங்க" என்று சொல்வதை விட்டோம்.

இந்த நோயில் சாயங்காலம் ஒரு கெட்ட நேரம். வெளிச்சம் மங்கும்போது பதற்றம் கூடும். எங்கள் வீட்டில் அதற்கு வண்டிச் சத்தமும் சேர்ந்துகொண்டது. செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ் பாதையை அகலமாக்க 2010இல் வண்டியை நிறுத்தினார்கள். 2018இல்தான் முழுசாகத் திரும்ப ஓடியது. பகவதிபுரம் ஸ்டேஷன் எங்களுக்குப் பக்கம். சாயங்கால வண்டி ஹாரன் கேட்டதும் அத்தை எழுந்துவிடுவார். மாமா வருகிற நேரம், சோறு ஆகவில்லை, கதவைத் திற என்பார். அதற்குள் நாம் ஓடிப் பிடித்தால் கையை உதறுவார், அடிப்பார்.

செவலைக்கு அந்தச் சத்தம் எங்களுக்கு முன்னாலேயே கேட்டுவிடும். படுத்தபடியே இடது காதை மட்டும் நிமிர்த்துவான். பிறகு தலையைத் தூக்குவான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஹாரன். ஒரு நாள் இதைக் கவனித்தேன், மறுநாள் முதல் பயன்படுத்திக்கொண்டேன். அவன் காது நிமிர்ந்ததும் தையலை விட்டுவிட்டு அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். விளக்கைப் போடுவேன். நாலாவது கிண்ணத்தையோ ஐந்தாவதையோ அவர் மடியில் வைப்பேன். ஹாரன் வரும்போது அவர் கை சோற்றுக்குள் இருக்கும். எல்லா நாளும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். பாதி நாள் பலித்தது. அந்தப் பாதி நாள் எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று இந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

இப்படிச் சொல்லும்போது நாய் ஏதோ நர்ஸ் மாதிரி தோன்றும். அது தப்பு. அந்தத் தப்பை நானே நம்பி, அத்தையைத் தொலைக்கப் பார்த்தேன்.

2021 ஐப்பசி. நல்ல மழை. மதியம் நான் துணி அளந்துகொண்டிருந்தபோது அத்தை கொல்லை வழியாக வெளியே போய்விட்டார். செவலையும் காணவில்லை. அவன் கூட இருக்கிறான், ஏதாவது என்றால் குரைப்பான், திருப்பிக் கூட்டி வந்துவிடுவான் என்று ஒரு பத்து நிமிஷம் சும்மா இருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவன் குரைக்கவில்லை. ஏன் குரைக்க வேண்டும்? தினமும் சோறு போடுகிற மனுஷி நடக்கிறார், அவனும் கூட நடக்கிறான். அவனுக்கு அது உலாத்தல்.

செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாயாக் கடை. அத்தை அங்கே நனைந்துபோய் நின்று, தென்மலைக்கு பஸ் எப்போது என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார். பேச்சு அவ்வளவு சுத்தமாக இருந்ததால் ஆரியங்காவுப் பக்கத்து அம்மச்சி என்றே கடைக்காரர் நினைத்திருக்கிறார். சாயா கொடுத்து, பஸ்ஸில் ஏற்றிவிடவும் தயாராக இருந்திருக்கிறார். பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த நாயைப் பார்த்த பிறகுதான், கிழிந்த காது, இது தையல்காரம்மாவோடு ரேஷன் கடைக்கு வருகிற நாயாயிற்றே என்று தோன்றி ஆள் அனுப்பினார். அத்தையை அவருக்குத் தெரியாது. நாயைத்தான் தெரிந்தது.

அன்று ராத்திரியே இரண்டு பட்டை தைத்தேன். ஒன்று அத்தையின் ஜாக்கெட்டில் உள்பக்கம் வைத்துத் தைக்க, ஒன்று செவலையின் கழுத்துக்கு. எங்கள் போன் நம்பர், 'வழி தவறியிருந்தால் கூப்பிடுங்கள்' என்ற வரி, இரண்டும் நூலால் பின்னினது. தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை. எல்லை ஓரத்தில் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அரை மணி நேரம் நடந்தால் இன்னொரு மாநிலம், இன்னொரு எழுத்து. பிராணி கூடவே போகிற பழக்கம் இருந்தால் அதன் கழுத்திலும் நம்பர் இருக்கட்டும். மழையில் நனைந்து நிற்கிற கிழவியின் ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க யாரும் துணிய மாட்டார்கள். நாயின் பட்டையைப் பார்ப்பார்கள். கொல்லைக் கதவுக்கு மேல்பக்கம், அத்தை கண் போகாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் போட்டோம்.

ராத்திரி விஷயம் வேறு. அத்தை இரண்டு மூன்று தடவை எழுந்து நடப்பார். செவலை அவர் அறை வாசலில் குறுக்காகப் படுத்துக்கொள்வான். காவல் இருக்கிறான் என்று எங்களுக்குப் பெருமை. எங்கள் வீட்டுத் தரை பழைய காவித் தரை, நல்ல சிவப்பு. அவனும் சிவப்பு. ஒரு ராத்திரி அத்தை அவன்மேல் தடுக்கி விழுந்தார். மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று, இடுப்பு எலும்பு தப்பியது. அவன் கழுத்தில் மணி கட்டினோம். இரண்டு நாளும் காதைச் சொறிந்துகொண்டே இருந்ததால் கழற்றிவிட்டோம். பிறகு வெள்ளைத் துணிப் பட்டையும், வாசலில் ராத்திரி முழுக்க எரியும் ஒரு சின்ன பல்பும், அவனுக்குச் சுவர் ஓரமாக ஒரு வெளிர் நிறச் சாக்கும் என்று மாற்றினோம். சாரல் மாதங்களில் இன்னொன்றும் உண்டு. நனைந்து வரும் நாய் உடம்பை ஒரு உதறு உதறினால் கூடம் முழுக்க ஈரம், வயதானவர்களுக்கு அது போதும். வாசலிலேயே துவட்டிவிட ஒரு பழைய வேட்டி தொங்கும்.

இனிச் சொல்வது கொஞ்சம் கசப்பான பகுதி.

அத்தைக்குப் பிடி இறுகியது. அன்பாகத்தான் பிடிப்பார், ஆனால் விட மறந்துவிடுவார். செவலையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முகத்தோடு வைத்து இறுக்குவார். அவன் வாயைப் பிளந்து கொட்டாவி விடுவான், உதட்டை நக்கிக்கொள்வான், முகத்தைத் திருப்புவான், கண் ஓரத்தில் வெள்ளை தெரியும். நாங்கள் அதைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். ஒரு நாள் அவன் தின்றுகொண்டிருந்த கிண்ணத்தில் அத்தை கையை விட்டார். ஒரு உறுமல். என் கணவர் துண்டைச் சுருட்டி அவனை இரண்டு போடு போட்டார்.

போனில் கால்நடை டாக்டரிடம் சொன்னபோது, எனக்கு மறக்கவே முடியாத ஒன்றைச் சொன்னார். உறுமினதுக்கு அடிக்காதீர்கள், அடித்தால் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும் என்றார். கொட்டாவியும் உதட்டை நக்குவதும் முகத்தைத் திருப்புவதும் 'என்னை விடு' என்று நாய் கேட்பது. அதை நாம் கேட்காதபோது உறுமும். அதையும் அடித்து நிறுத்தினால் அதனிடம் மிச்சம் இருப்பது பல் மட்டும்தான். அதிலிருந்து அத்தை தட்டித் தட்டி வைக்கும் கிண்ணத்தை நான் வாங்கி, கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்துவிடுவேன். அவன் தின்று முடிகிறவரை கதவு சாத்தியிருக்கும். மச்சுப்படிக்குக் கீழே அவனுக்கு ஒரு இடம் ஒதுக்கினோம், அத்தை குனிந்து நுழைய முடியாத இடம். எப்போது வேண்டுமானாலும் அவன் அங்கே போய்க்கொள்ளலாம், யாரும் கூப்பிடக் கூடாது. காலையில் என் மகள் அவனை மட்டும் வயல் பக்கம் ஓட்டிக்கொண்டு போய் வருவாள். அதற்கு முன்னால் அவன் முன்னங்காலை நக்கி நக்கி மயிர் உதிரப் பண்ணியிருந்தான். இரண்டு மாதத்தில் மயிர் முளைத்துவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் இருந்த பாரம் அவனுக்கும் இருந்திருக்கிறது.

பூனை வெள்ளச்சி கதை நேர் எதிர். அவள்தான் அத்தையின் மடியில் வளர்ந்தவள். அத்தை வாலைப் பிடித்து விடாத ஒரு நாளில் கையைக் கீறிவிட்டு ஓடிப்போனாள். ஒரு வருஷம் பக்கத்து வீட்டு ஓட்டின்மேல்தான் வாசம். அத்தை கையில் மூன்று கோடு. யார் கீறினது என்று கேட்டால் "மாடு" என்றார். அதுதான் இதில் பெரிய ஆபத்து. தெரு நாய்க்கும் வாசலில் சோறு வைப்பவர் அவர். எது கடித்தது, எது கீறியது என்று அவரால் சொல்ல முடியாது. வெறிநோய் வந்துவிட்டால் பிழைக்க வழி இல்லை. அதனால் அன்றே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவி, அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டோம். 0, 3, 7, 28 என்று நாலு நாள் கணக்கு, காசு கிடையாது. அதிலிருந்து தினமும் குளிப்பாட்டும்போது கை, கால், முழங்காலுக்குப் பின்பக்கம் எல்லாம் பார்ப்பது வழக்கமாயிற்று. வீட்டுப் பிராணிகளுக்கு வருஷா வருஷம் தடுப்பூசி. செப்டம்பர் 28 வெறிநோய் தடுப்பு நாளை ஒட்டிப் பல ஊர்களில் கால்நடைத் துறை முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறார்கள்.

மாத்திரையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் செவலையின் கிண்ணத்தைக் கழுவும்போது சோற்றுக்குள் பாதி கரைந்த வெள்ளை மாத்திரை. அத்தையின் ரத்த அழுத்த மாத்திரை. வாயில் போடுவது போல் போட்டு, கன்னத்தில் ஒதுக்கி, நாய்க்கு வைத்திருக்கிறார். எத்தனை நாளாக என்று தெரியவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதா மாதம் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிற அக்காவிடம் சொன்னேன். விழுங்கினதும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, பேச்சுக் கொடுத்து, வாயைப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்றார். நம் மாத்திரை பலதும் பிராணிகளுக்கு விஷம். காய்ச்சலுக்குப் போடுகிற பாரசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். சாக்லேட், வெங்காயம், திராட்சை இவையும் நாய்க்கு ஆகாது. பேரப் பிள்ளைகள் கொடுக்கிற சாக்லேட்டை அத்தை பத்திரமாக எடுத்து வைத்து நாய்க்குத்தான் கொடுப்பார். அதனால் அவர் கைக்கு எட்டும் இடத்தில் நாய்க்கு ஆகாதது எதுவும் இருக்காது.

சில நாள் செவலையைப் பார்த்தே அத்தை அலறியிருக்கிறார். யார் நாய் இது, நரி வந்துவிட்டது என்று. அப்போது "நம்ம செவலைதான்" என்று அவனை இழுத்துப் போய்க் காட்டக் கூடாது. அவனை வெளியே அனுப்பிவிட்டு, விளக்கைப் போட்டு, அத்தைக்கு ஏதாவது குடிக்கக் கொடுத்து, அரை மணி கழித்து அவனை அழைத்தால், "எங்கடா போனே மோனே" என்று அவரே கேட்பார்.

ஊரடங்கு சமயத்தில் எல்லையை அடைத்தபோது திருவனந்தபுரம் போக முடியாமல் திண்டாடினோம். டாக்டரிடம் போனில்தான் பேசினோம். இந்த நோய்க்காக வீட்டில் இருந்து பார்க்கிறவர்களுக்கு வழி சொல்லும் ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற சங்கம் 1992இல் கேரளத்தில்தான் தொடங்கியது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். முதியோர் உதவிக்கான 14567 எண்ணும் எங்கள் அடுக்களைச் சுவரில் எழுதியிருக்கும்.

2023க்குப் பிறகு அத்தை கட்டிலோடு ஆகிவிட்டார். நடை நின்றது, பிடியும் தளர்ந்தது. ஒரு நாள் மதியம் பார்த்தால் கட்டில் கால்மாட்டில் வெள்ளச்சி சுருண்டு கிடக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை. அந்தக் கை இனி இறுக்காது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. மெல்ல மெல்ல ஏறி ஒரு வாரத்தில் கை பக்கத்துக்கு வந்துவிட்டாள். அத்தையின் தோல் இப்போது வெங்காயச் சருகு மாதிரி, நகம் பட்டாலே கிழியும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெள்ளச்சியின் நகத்தை வெட்டுகிறேன், அத்தை கைமேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டு வைக்கிறேன். ஜப்பானில் இப்படிப்பட்டவர்களுக்காகவே பாரோ என்று சீல் குட்டி மாதிரி ஒரு இயந்திரப் பொம்மை செய்திருக்கிறார்கள். தடவினால் அசையும், சத்தம் கொடுக்கும். நான் பழைய கம்பளிச் சால்வையைச் சுருட்டி, உள்ளே அரிசி போட்டுக் கொஞ்சம் கனம் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். வெள்ளச்சி இல்லாத நேரத்தில் அத்தை விரல் அதைத் தடவிக்கொண்டிருக்கும்.

செவலைக்கு இப்போது 12 வயது. கண்ணில் பால் படர்ந்திருக்கிறது. பகலெல்லாம் தூங்கி ராத்திரி சுவரைப் பார்த்து நிற்கிறான். வயதான நாய்களுக்கும் இதே மாதிரி மூளைத் தளர்ச்சி வரும் என்று கால்நடை டாக்டர் சொன்னார். ஐந்து கிண்ணம் இன்னும் இருக்கிறது. சோற்றை நான்தான் பிசைகிறேன்.

நேற்று சாயங்காலம் அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கம். காது அசையவில்லை. அதற்குள் கட்டிலில் அத்தை தலையைத் திருப்பினார். அப்புறம்தான் எனக்கு ஹாரன் கேட்டது. ஐந்தாவது கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அத்தை கையருகில் பிடித்தேன். கரண்டி பிடிக்க முடியாது. மோதிர விரலால் விளிம்பில் டக் டக் என்று இரண்டு தட்டு தட்டினார். செவலைக்கு அது கேட்கவில்லை. என் மகள் எழுந்து போய் அவன் முதுகைத் தொட்டாள். தலையைத் தூக்கி மோப்பம் பிடித்து, சுவரை உரசிக்கொண்டே மெதுவாக நடந்து வந்தான்.